உறையும் மண் எவ்வளவு புடைக்கும்? கணித மாதிரி அமைக்கும் முறை

குளிர்நாடுகளில் சாலையோ ரயில் பாதையோ நிலத்தடிக் குழாயோ அமைக்கும் பொறியாளர், குளிர்காலம் முடிவதற்குள் தரை எத்தனை மில்லிமீட்டர் மேலெழும்பும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த மேலெழும்பலை உறைபனிப் புடைப்பு என்று குறிப்பிடுவோம். அதைக் கணிப்பதற்கு, ஒரு தாளில் போட்டு முடித்துவிடக்கூடிய கணக்கிலிருந்து வெப்பம், நீர், தகைவு மூன்றையும் பிணைத்துத் தீர்க்கும் பெரிய நிரல்கள் வரை பல மாதிரிகள் உள்ளன. இத்துறைக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் பெரிய நிரலிலிருந்தே தொடங்கிவிடுகிறார்கள். வண்ண வரைபடங்கள் கிடைத்துவிடுகின்றன, ஆனால் அவற்றில் உள்ள எண் எந்த அளவீட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்பது அவர்களுக்கே தெரிவதில்லை. ஆகவே இக்கட்டுரையில் முதலில் கைக்கணக்கும், அடுத்து ஆய்வகச் சோதனையும், அவற்றுக்குப் பிறகே நிரலும் வருகின்றன. வெப்பக் கடத்தலும் மண் இயக்கவியலும் இளநிலைப் பொறியியல் அளவில் படிப்பவருக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

எதைக் கணிக்கிறோம்

நீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுகிறது. மண் புடைப்பதற்கு இதுவே காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த எண்ணத்தோடு எழுதப்படும் மாதிரி அடித்தளத்திலேயே பிழையானது. அமெரிக்க நிலவியலாளர் ஸ்டீஃபன் டேபர் 1929, 1930 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளில், மண்ணில் நீருக்குப் பதிலாக பென்சீனை நிரப்பி உறையவைத்தார். பென்சீன் உறையும்போது சுருங்கும் திரவம். ஆயினும் மண் புடைத்தது. திரவ ஆர்கானை உறையவைத்தாலும் இதே விளைவு கிடைப்பதை 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அப்படியானால் புடைப்பின் பெரும்பகுதி, ஏற்கெனவே மண்ணில் இருந்த நீர் விரிவதால் வருவதன்று. உறையாத அடிமண்ணிலிருந்து நீர் உறைமுகப்பை (உறைந்த மண்ணும் உறையாத மண்ணும் சந்திக்கும் எல்லையை) நோக்கி மேலேறி, அங்கே தனித்தனிப் பனி வில்லைகளாக, அதாவது மண்ணுக்குள் கிடக்கும் பனித் தகடுகளாகப் படிவதால் வருவது. மாதிரி கணிக்க வேண்டிய முதன்மையான அளவு, அந்த நீர் மேலேறும் வேகம்.

இதற்குத் தாழ்ந்த வெப்பநிலை, தொடர்ந்து கிடைக்கும் நீர், நுண்துகள் கலந்த மண் ஆகிய மூன்றும் ஒருசேர வாய்க்க வேண்டும். மண்ணைப் பொறுத்தவரை, ஆர்தர் காசகிராண்டே 1930களின் தொடக்கத்தில் வகுத்த வரம்பு இன்றும் முதல் சல்லடையாகப் பயன்படுகிறது: துகள் அளவுகள் பரவலாகக் கலந்த மண்ணில் 0.02 மி.மீ.க்குக் குறைவான துகள்கள் எடையில் 3 விழுக்காட்டுக்கு மேலும், ஒரே அளவுத் துகள்கள் மிகுந்த மண்ணில் 10 விழுக்காட்டுக்கு மேலும் இருந்தால் அந்த மண் புடைக்கக்கூடியது. இது ஆம், இல்லை என்று மட்டுமே சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. எவ்வளவு என்பதற்குத்தான் மாதிரி தேவைப்படுகிறது.

நீரை இழுப்பது எது

சுழியம் டிகிரிக்குக் கீழே சென்றவுடன் மண்ணின் நீர் முழுவதும் உறைந்துவிடுவதில்லை. துகள்களின் மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய நீர்ப்படலமும், மிகச் சிறிய துளைகளில் உள்ள நீரும் உறையாமலே இருக்கின்றன. வளரும் பனி வில்லையின் அடிப்பகுதிக்கும் சுழியம் டிகிரிக் கோட்டுக்கும் இடையில், துளைகளில் பனியும் நீரும் சேர்ந்திருக்கும் ஒரு மெல்லிய அடுக்கு உண்டு. இதை உறைவிளிம்பு என்போம். இந்த அடுக்கின் கருத்தை 1972இல் தெளிவாக முன்வைத்தவர் ஆர். டி. மில்லர். அதற்கு முன்பு நிலவிய நுண்புழைக் கோட்பாடு, வில்லைக்குக் கீழே உறைந்த பகுதியே இல்லை என்று கொண்டதால், அளவிடப்பட்ட புடைப்பு அழுத்தத்தை விடக் குறைவான அழுத்தத்தையே தந்தது.

பனியும் நீரும் சமநிலையில் இருக்கும்போது அவற்றின் அழுத்தங்களையும் வெப்பநிலையையும் கிளாசியஸ்–கிளாப்பிரான் உறவு இணைக்கிறது. பனியின் மீது கூடுதல் அழுத்தம் இல்லாதபோது அதை இப்படி எழுதலாம்:

நீரின் அழுத்தம் = நீரின் அடர்த்தி × உள்ளுறை வெப்பம் × வெப்பநிலை ÷ 273.15

இதில் வெப்பநிலை செல்சியஸில், உறைநிலைக்குக் கீழே எதிர்க்குறியோடு வருகிறது. ஒரு கிலோ நீரின் உள்ளுறை வெப்பம் 3,34,000 ஜூல் என்று இட்டால், உறைநிலைக்குக் கீழே ஒவ்வொரு டிகிரிக்கும் நீரின் அழுத்தம் 1.22 மெகாபாஸ்கல் குறைகிறது. நீர்மட்ட உயரமாக மாற்றினால் ஒரு டிகிரிக்குச் சுமார் 125 மீட்டர். ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு கீழே சென்றாலே 12 மீட்டருக்கு மேற்பட்ட உறிஞ்சு உயரம் கிடைக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், ஆறேழு மாடிக் கட்டடத்தின் சுமையையும் தூக்கக்கூடிய விசை எங்கிருந்து வருகிறது என்பது விளங்கும். விசைக்குப் பஞ்சமில்லை; உறைவிளிம்பு வழியாக நீர் செல்வதுதான் கடினம். இந்தப் போட்டியை எந்த அளவு நுட்பமாக விவரிக்கிறோம் என்பதில்தான் மாதிரிகள் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன.

கைக்கணக்கு

கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் கொன்ராடும் மார்கன்ஸ்டெர்னும் 1980களின் தொடக்கத்தில் முன்வைத்த மாதிரி இந்த நோக்கத்துக்கு மிகவும் பொருந்துகிறது. உறைமுகப்பு ஏறத்தாழ நிலைத்திருக்கும் நேரத்தில், நீர் மேலேறும் வேகம் உறைவிளிம்பில் உள்ள வெப்பநிலைச் சரிவுக்கு நேர்விகிதத்தில் இருப்பதை அவர்கள் கண்டார்கள். அந்த விகித எண்ணைப் பிரிப்புத் திறன் என்று அழைப்போம்.

நீர் மேலேறும் வேகம் = பிரிப்புத் திறன் × வெப்பநிலைச் சரிவு

மேலே கண்ட 125 மீட்டரை இங்கே கொண்டுவந்தால், பிரிப்புத் திறனின் இயற்பியல் பொருள் வெளிப்படையாகிறது. விளிம்பின் மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் இடையே உள்ள வெப்பநிலை வேறுபாட்டை 125ஆல் பெருக்கினால் நீரழுத்த உயரத்தின் வேறுபாடு கிடைக்கிறது. இரண்டையும் ஒரே தடிமனால்தான் வகுக்கிறோம். ஆகவே தடிமன் நீங்கிவிட, பிரிப்புத் திறன் என்பது விளிம்பின் சராசரி நீர்க் கடத்துதிறனை 125ஆல் பெருக்கியதற்குச் சமமாகிறது. பனியின் மீது சுமை இல்லை, விளிம்பின் அடியில் நீரழுத்தம் சுழியம் ஆகிய இரண்டு கட்டுப்பாடுகளோடு இது செல்லும்.

இனி எண்களை இடுவோம். எளிதில் புடைக்கும் ஒரு வண்டல் மண்ணுக்குப் பிரிப்புத் திறன் ஒரு டிகிரிக்கு மணிக்கு 3 சதுர மி.மீ., அதாவது விநாடிக்கு 8.3 × 10⁻¹⁰ சதுர மீட்டர் என்று கொள்வோம். இதை 125ஆல் வகுத்தால் விளிம்பின் சராசரி நீர்க் கடத்துதிறன் விநாடிக்கு 6.7 × 10⁻¹² மீட்டர் என்று வருகிறது. உறையாத வண்டலின் கடத்துதிறன் இதைப் போல ஆயிரம் மடங்காகவும் இருக்கலாம். ஒரு சில சென்டிமீட்டர் தடிமனுள்ள அடுக்கில், நேராக அளப்பதற்கே கடினமான இந்தச் சிறிய எண்தான் மேலே உள்ள தரை எவ்வளவு உயரும் என்பதைத் தீர்மானிக்கிறது.

உறை ஆழத்துக்கு ஸ்டெஃபான் வழியைப் பின்பற்றலாம். உறைமுகப்பில் வெப்பச் சமநிலை இவ்வாறு அமைகிறது:

உறைந்த மண்ணின் வெப்பக் கடத்துதிறன் × வெப்பநிலைச் சரிவு = மண்ணின் உள்ளுறை வெப்பம் × முகப்பு இறங்கும் வேகம் + நீரின் உள்ளுறை வெப்பம் × நீர் மேலேறும் வேகம் + கீழிருந்து வரும் வெப்பப் பாய்வு

கடைசி உறுப்பை இப்போதைக்கு விட்டுவிடுவோம். நீர் மேலேறும் வேகமும் அதே வெப்பநிலைச் சரிவைச் சார்ந்திருப்பதால், இரண்டாம் உறுப்பை இடப்பக்கம் கொண்டுபோய், வெப்பக் கடத்துதிறனிலிருந்து கழித்துவிடலாம். உறைந்த மண்ணின் கடத்துதிறன் மீட்டருக்கு, டிகிரிக்கு 2.0 வாட், ஒரு கனமீட்டர் நீரின் உள்ளுறை வெப்பம் 33.4 கோடி ஜூல். இதைப் பிரிப்புத் திறனால் பெருக்கினால் 0.28. ஆகவே பயனுறு கடத்துதிறன் 1.72. மேலேறி வரும் நீரே தன் வெப்பத்தையும் கொண்டுவந்து, உறைமுகப்பு இறங்குவதை ஓரளவு தடுத்துநிறுத்துகிறது. நன்றாகப் புடைக்கும் மண்ணில் உறை ஆழம் சற்றுக் குறைவாக இருப்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

ஒரு கனமீட்டர் மண்ணில் உறையக்கூடிய நீர் 36 விழுக்காடு என்றால் மண்ணின் உள்ளுறை வெப்பம் சுமார் 12 கோடி ஜூல். தரைமேற்பரப்பு 100 நாட்கள் −8 டிகிரியில் இருக்கிறது என்று கொண்டால்:

உறை ஆழம் = √(2 × 1.72 × 8 × 86,40,000 ÷ 12,00,00,000) = 1.41 மீட்டர்

வெப்பநிலைச் சரிவை மேற்பரப்பு வெப்பநிலை ÷ உறை ஆழம் என்று எடுத்து, நீர் மேலேறும் வேகத்தை நூறு நாட்களுக்கும் தொகையிட்டால், நேரம் என்ற மாறி நீங்கி ஓர் அழகான விடை கிடைக்கிறது (மேலேறி வந்த நீர் உறைவதால் வரும் புடைப்பைப் பிரிப்புப் புடைப்பு என்போம்):

பிரிப்புப் புடைப்பு ÷ உறை ஆழம் = 1.09 × பிரிப்புத் திறன் × மண்ணின் உள்ளுறை வெப்பம் ÷ பயனுறு கடத்துதிறன்

நம் எண்களுக்கு இது 0.063, எனவே பிரிப்புப் புடைப்பு 89 மி.மீ. இதோடு, இருந்த இடத்திலேயே உறைந்த நீரின் 9 விழுக்காட்டு விரிவால் அதிகபட்சம் 46 மி.மீ. சேரும். இந்த விகிதத்தில் மேற்பரப்பு வெப்பநிலை இடம்பெறவே இல்லை என்பதைக் கவனியுங்கள். குளிர் கடுமையானால் உறை ஆழம் கூடும், அதனால் மொத்தப் புடைப்பும் கூடும். ஆனால் ஒரு மீட்டர் உறைவுக்கு எவ்வளவு புடைப்பு என்பது மண்ணின் பண்பாகவே நிற்கிறது. இதனால்தான் களத்தில் புடைப்பையும் உறை ஆழத்தையும் சேர்த்தே அளக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். புடைப்பை மட்டும் அளந்து வைத்த பதிவுகள் வேறொரு குளிர்காலத்துக்கு உதவுவதில்லை.

விட்டுவிட்டவற்றின் அளவையும் பார்த்துவிடுவோம். உறைந்த மண்ணைக் குளிர்விக்கச் செலவாகும் வெப்பத்தைச் சேர்த்தால் ஆழம் 2 விழுக்காடு அளவே குறையும். அதைப் பொருட்படுத்த வேண்டாம். கீழிருந்து வரும் வெப்பம் அப்படியல்ல. குளிர்கால முடிவில் உறைந்த பக்கம் வெளியேறும் வெப்பம் ஒரு சதுர மீட்டருக்கு 11 வாட் மட்டுமே. அடிமண்ணில் மீட்டருக்கு 2 டிகிரிச் சரிவு இருந்தால் கீழிருந்து 3 வாட் வருகிறது. இது கால் பங்குக்கு மேல். ஆகவே எக்ஸெலில் நாளுக்கு ஒரு வரி வைத்து, இந்த உறுப்பையும் சேர்த்துக் கணக்கிடுவது நல்லது. மேற்பரப்பு வெப்பநிலையைக் காற்றின் வெப்பநிலையாக எடுத்துக்கொள்வதும் கூடாது. பனி மூடிய புல்தரையும், பனி வாரி அகற்றப்பட்ட தார்ச்சாலையும் ஒரே காற்றின் கீழ் வெவ்வேறு ஆழத்துக்கு உறையும். டொரன்டோவில் வீடு கட்டியவர்களுக்கு அடித்தளம் 1.2 மீட்டர் ஆழத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்ற விதி தெரிந்திருக்கும். சூடேற்றப்பட்ட வீட்டை ஒட்டிய மண்ணுக்கு அது போதும், பனி அகற்றப்பட்ட சாலையின் கீழே உறைவு அதையும் தாண்டிச் செல்லலாம்.

மேற்சுமையின் விளைவை, சுமை கூடக் கூடப் பிரிப்புத் திறன் அடுக்குக்குறி வேகத்தில் குறைகிறது என்று கொள்வது வழக்கம். குறைவின் வேகத்தைக் குறிக்கும் எண் ஒரு மெகாபாஸ்கலுக்கு 5 என்றால், ஒரு மீட்டர் மண்ணின் சுமையான 20 கிலோபாஸ்கல் பிரிப்புத் திறனை 10 விழுக்காடு குறைக்கும்.

நீர்மட்டம் எவ்வளவு கீழே உள்ளது என்பதையும் இதே முறையில் சோதிக்கலாம். குளிர்கால முடிவில் நம் கணக்கில் நீர் மேலேறும் வேகம் விநாடிக்கு 4.7 × 10⁻⁹ மீட்டர். நீர்மட்டம் உறைமுகப்புக்கு 2 மீட்டர் கீழே இருந்து, உறையாத மண்ணின் கடத்துதிறன் விநாடிக்கு 10⁻⁸ மீட்டராக இருந்தால், வழியில் இழக்கப்படும் நீரழுத்த உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவு. கடத்துதிறன் 10⁻⁹ என்றால் அதே இழப்பு 9 மீட்டரைத் தாண்டுகிறது. வில்லையின் அடி −0.2 டிகிரியில் இருக்கும்போது கிடைக்கும் 25 மீட்டர் உறிஞ்சு உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வழியிலேயே போய்விடுகிறது. வண்டல் மண், களிமண்ணைக் காட்டிலும் களத்தில் மோசமாக நடந்துகொள்வதற்கான காரணம் இந்த இரண்டு வரிக் கணக்கிலேயே இருக்கிறது. மணலில் நீர் தடையின்றி வரும், ஆனால் உறையாத நீர்ப்படலம் மிகக் குறைவாதலால் வில்லை வளர்வதில்லை.

பிரிப்புத் திறனை அளத்தல்

பத்து முதல் பதினைந்து சென்டிமீட்டர் உயரமுள்ள மண் உருளையை, பக்கவாட்டில் வெப்பம் புகாதபடி காப்பிட்டு, மேல்முனையைச் சுழியத்துக்குக் கீழும் கீழ்முனையைச் சுழியத்துக்குச் சற்று மேலும் நிலைநிறுத்தி, கீழிருந்து நீர் கொடுக்க வேண்டும். உயரத்தில் சீரான இடைவெளியில் வெப்பநிலை உணரிகளும், உள்ளே செல்லும் நீரை அளக்கும் அளவுக்குழாயும், மேலே புடைப்பை அளக்கும் கருவியும் போதும். முகப்பு வேகமாக இறங்கும் முதல் சில மணிநேரத் தரவுகள் இங்கு பயன்படா. முகப்பு ஏறத்தாழ நின்று, கடைசி வில்லை வளரத் தொடங்கும் தருணத்தின் நீர் வேகத்தை அந்தத் தருணத்தின் வெப்பநிலைச் சரிவால் வகுக்க வேண்டும். சரிவு மீட்டருக்கு 60 டிகிரி என்றால், நம் மண் ஒரு நாளில் 4.3 மி.மீ. நீரை இழுக்கும், அளக்க எளிதான அளவுதான்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஆய்வகத்தில் சரிவு மீட்டருக்கு 60 டிகிரி. களத்தில் 6 டிகிரி. பிரிப்புத் திறன் குளிரும் வேகத்தையும், விளிம்பின் அடியில் உள்ள உறிஞ்சு அழுத்தத்தையும், மேற்சுமையையும் சார்ந்து மாறுவதை அதன் ஆசிரியர்களே காட்டியிருக்கிறார்கள். ஒரே சோதனையின் எண்ணை அப்படியே களத்துக்குக் கொண்டுபோவதைவிட, குறைந்தபட்சம் இரண்டு மேற்சுமைகளிலும் இரண்டு சரிவுகளிலும் சோதித்து, கிடைக்கும் வீச்சு முழுவதையும் கணக்கில் இடுவதே சரியான நடைமுறை. குலைத்து மறுபடி அமுக்கிய மாதிரி மண்ணும், பல முறை உறைந்து உருகிய கள மண்ணும் வேறு வேறு கட்டமைப்பு உடையவை என்பதால், சோதனைக்கு முன் ஓரிரு உறைவு–உருகல் சுற்றுகளை நடத்துவதும் பயன் தரும்.

பிணைந்த மாதிரிக்குச் செல்லும்போது

எல்லா நேரத்திலும் இது தேவைப்படுவதில்லை. மண் அடுக்குகள் மாறும்போதோ, மேற்பரப்பு வெப்பநிலை மேலும் கீழும் அலையும்போதோ, வடிவம் ஒற்றைப் பரிமாணத்துக்குள் அடங்காதபோதோ மட்டும் இதில் இறங்கலாம். இவ்வகை மாதிரிகளின் தொடக்கமாக 1973இல் ஹார்லன் எழுதிய வெப்ப–நீர்ச் சமன்பாடுகளைச் சொல்வது வழக்கம். மண் தூணைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு பேரேடுகள் வைத்துக்கொள்கிறோம். வெப்பப் பேரேட்டில், கட்டத்தின் மொத்த வெப்ப உள்ளடக்கம் மாறும் வேகம் கடத்தலால் வந்த நிகர வெப்பத்துக்கும் நீர் சுமந்துவந்த வெப்பத்துக்கும் சமம். நீர்ப் பேரேட்டில், உறையாத நீரின் மாற்றத்தோடு பனிப் பருமனின் மாற்றத்தை 0.917ஆல் பெருக்கிக் கூட்டினால் நிகர நீர் வரத்து கிடைக்க வேண்டும். இரண்டையும் இணைப்பவை கிளாப்பிரான் உறவும், வெப்பநிலைக்கு ஏற்ப எவ்வளவு நீர் உறையாமல் இருக்கும் என்ற வளைவும். இந்த வளைவுக்கு ஆண்டர்சனும் டைசும் 1972இல் பயன்படுத்திய எளிய அடுக்குச் சார்பு பெரும்பாலான பணிகளுக்குப் போதுமானது.

நிரல் எழுதும்போது முதலில் சிக்கல் தருவது உள்ளுறை வெப்பம். அதை வெப்ப ஏற்புத்திறனோடு சேர்த்துவிடும் வழி பாடநூல்களில் பரவலாக உள்ளது. ஆனால் 12 கோடி ஜூலை அரை டிகிரி இடைவெளியில் பரப்பினால் அந்த இடைவெளியில் ஏற்புத்திறன் வழக்கமானதைப் போல நூறு மடங்காகிறது. ஒரே காலப்படியில் ஒரு கட்டத்தின் வெப்பநிலை அந்த இடைவெளியைத் தாண்டிக் குதித்துவிட்டால், அந்தக் கட்டத்தின் உள்ளுறை வெப்பம் கணக்கிலிருந்தே காணாமல் போய்விடும். நிரல் எந்த எச்சரிக்கையும் தராது, உறை ஆழம் மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாத அழகோடு கூடிவரும். ஆகவே வெப்பநிலையை முதன்மை மாறியாக வைக்காமல், வெப்ப உள்ளடக்கத்தை முதன்மையாக வைத்து அதிலிருந்து வெப்பநிலையைக் கண்டுபிடிக்கும் முறையையே பரிந்துரைக்கிறேன். ஒரு சென்டிமீட்டர் கட்டத்துக்கு, வெளிப்படை முறையில் (அடுத்த படியின் மதிப்பை முந்தைய படியின் மதிப்புகளிலிருந்தே நேரடியாகக் கணக்கிடும் முறையில்) காலப்படி 50 விநாடிக்குள் இருக்க வேண்டும். நூறு நாட்களுக்கு ஒன்றே முக்கால் லட்சம் படிகள். பைத்தானில் வரிசைச் செயல்பாடுகளாக எழுதினால் சாதாரண மடிக்கணினியே அதைச் சிரமமின்றி முடித்துவிடும்.

அடுத்தது நீர்க் கடத்துதிறன். உறைநிலைக்குக் கீழே ஒரு டிகிரியின் சிறு பகுதிக்குள் அது பல பத்து மடங்குகள் சரிகிறது. இரண்டு அண்டைக் கட்டங்களின் இடைமுகத்தில் கடத்துதிறனை எப்படிச் சராசரியாக்குகிறோம் என்பது இங்கே விடையையே மாற்றிவிடும். இசைச் சராசரி எடுத்தால் உறைந்த கட்டத்தின் சிறிய எண்ணே வென்று நீரோட்டம் அடைபடும். கூட்டுச் சராசரி எடுத்தால் நீர் தாராளமாகப் பாய்ந்து புடைப்பு மிகும். விளிம்பின் தடிமன் மூன்று, நான்கு சென்டிமீட்டர்தான் என்பதால், அதற்குள் குறைந்தது பத்துக் கட்டங்களாவது அமையும்படி முகப்பை ஒட்டி வலையை நெருக்கினால் இந்த வேறுபாடு தணியும். பல நிரல்களில் பனியின் அளவுக்கு ஏற்பக் கடத்துதிறனைக் குறைக்கும் தடைக் காரணி ஒன்று இருக்கும். அது இயற்பியல் விதியன்று, பொருத்திப் பார்த்து இடும் எண் மட்டுமே என்பதை மறக்கக் கூடாது. அதைக் களத்தரவுக்குப் பொருத்திவிட்டு, அதே களத்தரவைக் காட்டி மாதிரி சரிபார்க்கப்பட்டது என்று எழுதும் அறிக்கைகள் அரிதல்ல.

வில்லை எங்கே தோன்றும் என்பது மூன்றாவது கேள்வி. மில்லர் 1978இல் தந்த அளவுகோல் இது: துளையில் உள்ள நீரின் அழுத்தத்தையும் பனியின் அழுத்தத்தையும் எடையிட்டுக் கூட்டிய தொகை மேற்சுமையை எட்டும் இடத்தில், துகள்களுக்கு இடையே உள்ள செயலுறு தகைவு சுழியமாகி, மண் பிரிந்து, புதிய வில்லைக்கு இடம் கொடுக்கிறது. நீரழுத்தத்துக்குத் தரும் எடை, துளையில் உறையாத நீர் நிறைத்துள்ள பங்கைச் சார்ந்தது. 1985இல் ஓ'நீலும் மில்லரும் இதை விறைபனி மாதிரியாக, அதாவது துளைகளில் உள்ள பனியும் வில்லையும் சேர்ந்து ஒரே விறைத்த பொருளாக நகர்வதாகக் கொள்ளும் மாதிரியாக, விரித்தார்கள். வில்லை ஒன்று தோன்றியதும் அதற்கு மேலே நீரோட்டத்தை நிறுத்திவிட்டு, வரும் நீர் முழுவதையும் அந்த வில்லையின் அடியிலேயே சேர்க்க வேண்டும். முகப்பு மேலும் கீழிறங்கி, விளிம்பின் வேறோர் இடத்தில் அளவுகோல் நிறைவேறும்போது பழைய வில்லை நின்று புதியது தொடங்கும். மேலே மெல்லிய வில்லைகள் நெருக்கமாகவும், ஆழத்தில் தடித்த வில்லைகள் இடைவெளி விட்டும் அமைந்தால் நிரல் சரியான திசையில் செல்கிறது என்று கொள்ளலாம்.

ஒவ்வொரு வில்லையையும் பின்தொடர்வது ஆய்வுக்கு உகந்தது. வடிவமைப்புக்கு அது பெரும்பாலும் தேவையற்றது என்பது என் கருத்து. மிஹாலோவ்ஸ்கி 1993இல் முன்வைத்து, பிறகு 2006இல் ஜூவோடு சேர்ந்து விரித்த வழியில், வில்லைகள் தனித்தனியே வருவதில்லை. வெப்பநிலை, அதன் சரிவு, தகைவு ஆகியவற்றைச் சார்ந்து மண்ணின் நுண்துளைமை எவ்வளவு வேகமாகப் பெருகும் என்று ஒரு சார்பு மட்டும் கொடுக்கப்படுகிறது. ஃபைனைட் எலிமெண்ட் நிரலில் இதைச் செருகுவது எளிது. சுவருக்குப் பின்னாலோ குழாயைச் சுற்றியோ புடைப்பு எந்தத் திசையில் வரும் என்பதையும் இது தருகிறது.

சரிபார்ப்பு

நீரோட்டத்தை முற்றிலும் நிறுத்திவிட்டு நிரலை ஓட்டி, உறைமுகப்பு இறங்குவதற்கு நாய்மான் தந்த துல்லியத் தீர்வோடு உறை ஆழத்தை ஒப்பிடுங்கள். பிறகு நீரோட்டத்தைத் திறந்து, மேற்பரப்பு வழியாகவும் அடி வழியாகவும் வெளியேறிய நிகர வெப்பமும் கட்டங்கள் இழந்த வெப்பமும் ஒத்துவருகின்றனவா என்று பாருங்கள். மொத்தப் புடைப்பு, உள்ளே வந்த நீரின் 1.09 மடங்கோடு இருந்த இடத்தில் உறைந்த நீரின் 0.09 பங்கைக் கூட்டியதற்குச் சமமாக வர வேண்டும். வலையைப் பாதியாக்கினால் விடை சில விழுக்காட்டுக்கு மேல் மாறக் கூடாது. நிரல் தரும் நீர் வேகத்தைச் சரிவால் வகுத்து, கைக்கணக்கில் பயன்படுத்திய பிரிப்புத் திறனோடு ஒப்பிடுவது கடைசிச் சோதனை. இரண்டும் பத்து மடங்கு வேறுபட்டால், நான் நம்புவது கைக்கணக்கையே.

ஒற்றைப் பரிமாணம் போதாத இடம்

1970களில் இத்துறை வேகம் பெற்றதற்கு முக்கியமான காரணம், கனடாவின் வடபகுதியிலிருந்து குளிரூட்டிய எரிவாயுவைப் புதைகுழாய் வழியாகத் தெற்கே கொண்டுவரும் திட்டங்கள். நிரந்தர உறைமண்ணை உருக்கிவிடாமல் இருக்க எரிவாயுவைச் சுழியத்துக்குக் கீழே வைத்தார்கள். ஆனால் உறையாத மண்ணைக் கடக்கும் இடங்களில் அதே குழாய் தன்னைச் சுற்றியுள்ள மண்ணைப் புதிதாக உறையவைக்கும். இதைச் சோதிப்பதற்காக 1974இல் கல்கரியில் 1.2 மீட்டர் விட்டமுள்ள குழாய்ப் பகுதிகளைப் புதைத்துக் குளிரூட்டி, பல ஆண்டுகள் அளந்தார்கள். கொன்ராடும் மார்கன்ஸ்டெர்னும் 1984இல் தங்கள் மாதிரியை இந்த அளவீடுகளோடு ஒப்பிட்டார்கள். குளிர்காலம் முடிந்தால் சாலையின் கீழே உறைவு நின்றுவிடும். குழாயைச் சுற்றிய உறைவளையமோ ஆண்டுக்கணக்கில் வளர்ந்துகொண்டே செல்லும், சரிவு மெல்ல மெல்லக் குறையும், புடைப்பும் நிற்காது. இங்கே குழாயின் குறுக்குவெட்டுக்கு இரு பரிமாண வெப்பக் கணக்குப் போட்டு, குழாயின் அடியில் உள்ள சரிவை ஒவ்வொரு காலப்படியிலும் எடுத்து, அதைப் பிரிப்புத் திறனால் பெருக்கிப் புடைப்பைப் பெற வேண்டும்.

நேரெதிர் வகையான சிக்கலை வடகிழக்குச் சீனாவில் காணலாம். 2012 டிசம்பர் 1ஆம் தேதி திறக்கப்பட்ட ஹார்பின்–தாலியன் அதிவேக ரயில் பாதையில், புடைக்காத சரளை நிரப்பிய அடித்தளத்திலும் மில்லிமீட்டர் கணக்கிலான புடைப்பு பதிவாகியது. சாலைக்கு அது ஒரு பொருட்டே அல்ல. சரளைப் படுக்கை இல்லாத கான்கிரீட் தளத்தில் ஓடும் அதிவேக ரயிலுக்கு அது வரம்பைத் தொடும் அளவு. இத்தகைய மண்ணுக்குப் பிரிப்புத் திறன் மிகச் சிறியதாகையால், இருந்த இடத்தில் உறையும் நீரின் விரிவும், மேலிருந்து கசியும் நீரும், நுண்துகள்களின் சிறு சதவீதமும் கணக்கில் முன்னுக்கு வருகின்றன. மாதிரியின் முயற்சி முழுவதையும் நீர் உறிஞ்சலில் செலவிட்டால் இங்கே தவறான இடத்தைத் தோண்டிக்கொண்டிருப்போம்.

குழாயாயினும் தண்டவாளமாயினும், சேதம் விளைவிப்பது மொத்தப் புடைப்பன்று. புடைக்கும் மண்ணும் புடைக்காத மண்ணும் சந்திக்கும் இடத்தில் ஏற்படும் வேறுபாடு. ஆகவே ஒற்றைப் பரிமாணக் கணக்கை இரண்டு மண்ணுக்கும் தனித்தனியே செய்து, கிடைத்த இரண்டு புடைப்பு வளைவுகளையும் மீள்தன்மை அடித்தளத்தின் மீது படுத்த உத்திரம் ஒன்றின் இருபுறமும் திணித்து, வளைவுத் தகைவைக் காண வேண்டும். உறைந்த மண் நீண்டகாலச் சுமையில் மெல்ல நெகிழ்வதால், அடித்தளத்தின் விறைப்புக்குக் குறுகியகாலச் சோதனையின் எண்ணை இட்டால் தகைவு மிகைப்படும். பல ஆண்டுக் கணக்குக்கு நெகிழ்வுச் சோதனையின் எண்ணையே பயன்படுத்துங்கள், அறிக்கையில் பிரிப்புத் திறனின் தாழ்ந்த மதிப்புக்கும் உயர்ந்த மதிப்புக்கும் உரிய இரண்டு விடைகளையும் அருகருகே கொடுங்கள்.